சேரப்பணஞ்சேரியில் ஓர் ஓய்வுநாள்

1991, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 7.10-க்குத் தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்தோம், நானும் என் மனைவி எஸ்தரும். டிக்கெட் இரண்டு ரூபாய். உட்கார இடம் வேறு கிடைத்தது! எஸ்தரின் தம்பி சாமுவேலுக்கு அன்று சேரப்பணஞ்சேரி சர்ச்சில் திடப்படுத்தல். பேராயர் தலையில் கை வைத்து முதல் நற்கருணை கொடுப்பார். அது ஆகாமல் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. பையனுக்கோ அடுத்த மாதம் கல்யாணம். பேராயர் மறுபடி வர இரண்டு வருஷமாகும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

8.15. படப்பை தாண்டி இறங்கி வீட்டுக்குப் போனால், மாமியார் அழுதுகொண்டிருந்தார்.

"ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ட்டான் மாப்ள. லீவு தரலையாம்."

"காய்ச்சல்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"நானும் அதான் சொன்னேன். பொய் சொல்லிக்கினு வந்து, பொய் சொல்லாதேன்னு கட்டளை ஒப்பிக்கறதான்னு கேக்கறான்."

9.30-க்கு ஆராதனை தொடங்கியது. பதினொரு பேர் வரிசையாக நின்று பத்துக் கட்டளைகளை ஒப்பித்தார்கள். என் கண் வாசலிலேயே இருந்தது. 10.20. கடைசிப் பெண் எழுந்திருக்கும்போது வெளியே சைக்கிள் சாய்கிற சத்தம்! காக்கிச் சட்டையும் முழங்கை வரை ஆயிலுமாகச் சாமுவேல் உள்ளே ஓடிவந்தான். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எப்படிப்பா வந்தே?" என்றார் பேராயர்.

"கண்ணப்பன்னு ஃப்ரெண்டுங்கய்யா. நைட் ஷிப்ட் முடிச்சவன், வூட்டுக்குப் போவாம என் மிஷின்ல நிக்கறான். சூப்பர்வைசர் ஒன்பதரைக்குத்தான் சரின்னாரு."

ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்பது உட்படப் பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பேராயர் அவன் தலையில் கை வைத்தார். பெண்கள் பக்கம் மாமியார் விம்முவது எனக்குக் கேட்டது.

பதினொன்றரைக்குப் பந்தி. பிரியாணியை இலையில் போட்டதும் சாமுவேல் டிபன் கேரியரை நீட்டினான்.

"இன்னாடா, இன்னிக்குக்கூட மறுபடி வேலைக்கா?" என்றார் மாமியார்.

"கண்ணப்பன் ராத்திரி பூரா முழிச்சவன்மா. ஓய்வுநாளு அவனுக்கும் தானே?"

நானும் அவன் சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டேன். ஒரகடம் கூட்டுரோடு வழியாக ஃபேக்டரிக்கு எட்டு கிலோமீட்டர்; நல்ல வெயில். சிவந்த கண்களோடு கண்ணப்பன் கேட்டுக்கு வந்தான்.

"இன்னா மச்சி, பாஸா?"

"பாஸ்டா! நீ போய்ப் படு." இருவரும் ஆயிலோடு ஆயிலாகக் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

எஸ்தர் அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். மாலை ஐந்துக்கு நான் மட்டும் வீடு சேர்ந்தேன். குழாயடியில் மரகதம்மா எங்கள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவரும் வருகிறார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்கம்மா. சம்பளம் குறையாது" என்றேன்.

கையிலிருந்த சட்டியை அவர் கீழே வைத்தார்.

"நெஜமாவா சார்? அப்போ எம் பொண்ணு வூட்ல ஒரு நாளு தங்கிட்டு வரலாமா?"