குதிரையிலிருந்து விழுந்தவள்

மகளின் போனில் அந்தப் பழைய தொடரின் குளம்புச் சத்தம் கேட்டதுமே, எனக்குத் தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை வந்துவிட்டது. சங்கரன்கோவிலில் பெரியப்பா வீட்டு முன்னறை வாடை அது. தறிகள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், மரக்கதவு வைத்த டிவிக்கு முன்னே பையன்கள், சுவரோரம் பெண்பிள்ளைகள், நடுவே நாற்காலி போட்டுப் பெரியப்பா. பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் தறி ஓட்டித் திரும்பிய அவருக்கு மட்டும்தான் தெருவில் இந்தி தெரியும் என்பதால், அந்த ராஜா கதையை அவர் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

தொடரின் கடைசி வாரம், ராஜா தடுத்தும் வாளோடு கிளம்பிய அவர் மகள் குதிரையிலிருந்து விழுந்தாள். உடனே பெரியப்பா டிவியை அணைத்தார்.

"செத்துட்டா. அப்பன் பேச்ச மீறுனா இதான் கதி. எந்திரிங்க பிள்ளைகளா."

அதற்குப் பிறகும் பையன்கள் தெருவில் வாள் வீசினார்கள். இளவரசியாக வர எங்களில் ஒருத்தியும் துணியவில்லை. திருநெல்வேலி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்று நான் அழுதபோது, "குதிரையில போனவள மறந்துட்டியாட்டி?" என்றார் பெரியப்பா. நான் போகவில்லை.

அந்த முன்னறை இன்று செல்போன் கடை. மகளின் போனிலோ, கீழே தமிழ் எழுத்துகள் ஓட, விழுந்தவள் எழுந்தாள், கோட்டையைப் பிடித்தாள், ராஜாவே வாசலுக்கு வந்து அவளை அழைத்துப் போனார். அந்த நிமிடமே பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"உங்க நல்லதுக்குத்தானட்டி அவளச் சாகடிச்சேன்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.