தவறணை வாங்கில் ஒரு கோப்பை கள்ளு

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அறுபத்திரண்டு வயதில், யாழ்ப்பாணத்துத் தவறணையொன்றில், அதுதான் கள்ளுக்கடையில், இருந்து கள்ளுக் குடித்தேன். கள்ளு எனக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருஷமாக என் மனுசன் தண்ணீர்ப் போத்தலில் வாங்கி வருவார், நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று குடிப்பேன். தவறணைக்குள் போய், வாங்குப் பலகையில் இருந்து குடித்ததுதான் புதிது.

வினை தொடங்கியது ஸ்பெயினில். போன வருஷம் மகள் என்னைச் சலமன்காவுக்குக் கூட்டிப்போனாள். பழைய கல் நகரம். உள்ளூரில் காய்ச்சிய பியரைத் தெருவில் மேசை போட்டுத் தருகிறார்கள். என் வயதுப் பெண்கள் தனியே இருந்து குடித்தார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "எங்கடை பனங்கள்ளு இதைவிடத் திறம்" என்றேன். "அங்கை இப்பிடி இருந்து குடிப்பியளோ அம்மா?" என்று மகள் கேட்டாள். கணக்குப் படிப்பித்த நான் பியர் பில்லை எடுத்துக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். எங்கள் உரும்பிராய்ச் சந்தியில் காலை எட்டே முக்காலுக்கு பஸ். யாழ்ப்பாணம் ஏழு கிலோமீற்றர், ஐம்பது ரூபாய், இருபத்தைந்து நிமிஷம். பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆறுதலாக, மெல்ல நடந்தாலும் கால் மணித்தியாலம் போதும். போர்த்துக்கேயப் பறங்கி கட்டி ஒல்லாந்தன் பெருப்பித்த கோட்டை. மதிலில் ஏறினால் பண்ணைக் கடல் முழுக்கத் தெரியும். பத்து மணிக்கு முன் பார்த்து முடியுங்கள், உள்ளே நிழல் குறைவு. குடையும் தண்ணீரும் கட்டாயம். பிறகு பிரதான வீதியால் நடந்தேன். தூண் வைத்த பழைய வீடுகள், சில திருத்தியவை, சில இன்னும் கூரை இல்லாதவை. அவசரப்படாமல் பார்க்க ஒரு மணித்தியாலம் வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு ஓட்டோ பிடித்தேன். முந்நூறு ரூபாய். தவறணை வாசலில் நிற்பாட்டின பெடியன் இரக்கமாகக் கேட்டான்: "ஐயா உள்ளையோ அம்மா? நீங்கள் இருங்கோ, நான் போய்க் கூட்டியாறன்."

"ஐயா வீட்டிலை பேப்பர் வாசிக்கிறார். நான் எனக்குக் குடிக்க வந்தனான்."

அவன் காசை வாங்கவும் மறந்துபோனான். தவறணைக்கு ஒரு பொம்பிளை வருவதென்றால், புருஷனை இழுத்துப்போகத்தான் வரவேணுமாம்.

உள்ளே தகரக் கொட்டகை, நீட்டு வாங்குகள், ஏழெட்டுப் பேர். நான் காலை வைத்ததும் மூலையில் ஒருத்தன் எழும்பினான். "ரீச்சர்." என்னிடம் கணக்குப் படித்த வசீகரன். இப்போது நாற்பது வயது, தலையில் நரை. கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள்.

மனேஜர் ஓடிவந்தார். "ரீச்சர், பொம்பிளையளுக்குத் தவறணைக்குள்ளை குடுக்கக்கூடாது எண்டு சட்டம் கிடக்கு. போத்திலிலை ஊத்தி ஆரிட்டையும் குடுத்துவிடுறன். வீட்டிலை வைச்சுக் குடியுங்கோ."

"வீட்டிலை இவ்வளவு காலமும் குடிச்சது காணும் தம்பி. சட்டம் எனக்கும் தெரியும். அதைக் கேக்கிற ஆள் வந்தால் நான் மறுமொழி சொல்லுறன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சட்டத்தை விடுங்கோ. உங்களுக்கு முன்னாலை இவங்கள் எப்பிடிக் குடிக்கிறது? உங்களிலை வைச்ச மரியாதையிலை எல்லாரும் எழும்பி வெளிக்கிட்டிடுவாங்கள்."

திட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கும்பிட்டு வெளியே அனுப்புகிறவர்களோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? வாசல் பக்கம் இரண்டடி வைத்தும்விட்டேன். அப்போதுதான் மகளின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. இந்த மரியாதைதானே இருபத்தெட்டு வருஷம் என்னைக் குசினிக்குள் நிற்பாட்டி வைத்தது என்று கோபம் வந்தது.

திரும்பி, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். "எல்லாரும் இருங்கோ."

வாங்குகளில் திரும்ப இருந்தார்கள். நானும் வசீகரனுக்குப் பக்கத்தில் இருந்தேன். மனேஜர் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு போத்தலும் கோப்பையும் கொண்டுவந்து வைத்தார். இருநூறு ரூபாய். காலையில் இறக்கிய கள்ளு, நுரை அடங்கவில்லை, இனிப்புக்கு மேலே ஒரு மெல்லிய புளிப்பு. மிதந்த எறும்பை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். ஒருத்தரும் கோப்பையைத் தொடவில்லை. முதல் கோப்பை முடியும்வரை நான் மட்டும்தான் குடித்தேன். வெட்கமாக இருந்ததோ என்றால், ஓம், இருந்தது. ஆனால் எழும்பவில்லை.

இரண்டாவது கோப்பையை ஊற்றும்போது வசீகரன் பொரிச்ச மீன் தட்டை என் பக்கம் தள்ளினான். "உறைப்பு ரீச்சர், பாத்துச் சாப்பிடுங்கோ." பிறகு ஒளித்த கோப்பையை எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வெங்காய விலையைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். என் கருத்தையும் கேட்டார்கள்.

போக நினைக்கிற பெண்களுக்குச் சில விஷயம். பனங்கள்ளுக் காலத்தில், மத்தியானத்துக்கு முன் போங்கள், பிந்தினால் புளித்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒரு போத்தலோடு நிறுத்துங்கள், திரும்பப் பஸ்ஸில் வாருங்கள். சட்டம் இன்னும் எழுத்தில் அப்படியேதான் இருக்கிறது, தெரிந்துகொண்டே போங்கள். உங்களைக் கண்டால் உள்ளே இருக்கிறவர்கள் எழும்பி நிற்பார்கள். அதைக் கண்டு வெளியே வந்துவிடாதீர்கள். வாங்கில் இருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்களும் இருங்கள்.