பக்கம் திறக்குதுங்க, கொஞ்சம் பொறுங்க

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. யாரோ செய்த தப்புக்குத் தான் திட்டு வாங்கத் தெரிந்தால் போதும். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஆறு சிஸ்டம் போட்டு, இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷங்கள் நான் பார்த்த தொழில் அதுதான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் முடித்த தொழிற்சாலை ஆட்கள். எல்லோரும் திறப்பது ஒரே தினசரியின் வெப்சைட்டைத்தான், சொந்த ஊர்ச் செய்தி படிக்க. அதை அழகாக்குகிறேன் பேர்வழி என்று ஒருநாள் தலைகீழாக மாற்றினார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பக்கம் திறக்கிறவரைக்கும் ஊர்ந்து போகும் நீலப் பட்டையை வெறித்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள், அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

அந்தக் கூட்டத்தில் மாதேஷ் என்று ஒரு பையன். மத்தூர்க்காரன், மெஷின் ஆபரேட்டர். மனைவி பிரசவத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து ஆனேக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. அப்போது இவன் ஷிப்டில் இருந்தான். "இந்தத் தடவையாவது பக்கத்துல இருங்க" என்று அவள் கேட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் காவிரித் தண்ணீர்த் தகராறு கிளம்பி, எல்லையில் பஸ் ஒருநாள் போகும், ஒருநாள் நிற்கும். போகிறதா என்று பார்க்க மாதேஷ் தினமும் வருவான்.

என்ன பாஷை?

புது வடிவம் வந்த அன்று முதலில் உட்கார்ந்தவர் வேப்பனப்பள்ளி முனிரெட்டி. மாந்தோப்புக்காரர், ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்தால் மாங்காய் நிலவரம் பார்க்க என் கடைக்கு வருவார். பத்து நிமிஷம் கழித்துப் பக்கம் திறந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை, பூராவும் கட்டம் கட்டமாக நின்றது. அவர்கள் புது எழுத்துமுறைக்கு மாறியிருக்கிறார்கள், என் பழைய சிஸ்டங்களுக்கு அது புரியவில்லை. இதையெல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது?

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, திரைக்கு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "தெலுங்கு இல்ல, கன்னடம் இல்ல, தமிழும் இல்ல. அப்புறம் யாருக்கு சாமி இதைப் போடுறாங்க?"

எதிர்க்கடை

எழுத்தை ஒருவழியாகச் சரி செய்தேன். வேகத்தை என்ன செய்வது? மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற கடையில் பக்கம் மெதுவாகத் திறந்தால் ஊர் என்ன நினைக்கும்? நான்தான் வேண்டுமென்றே இழுக்கிறேன் என்று நினைத்தது. விருதுநகர்க்காரர் தங்கப்பாண்டி, அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர், என் முகத்துக்கு நேராகவே சொன்னார், இந்நேரத்துக்கு எங்கள் லைனில் நாலு வண்டி இறங்கியிருக்கும் என்று. எனக்குச் சுருக்கென்றது. நாணயமாகத் தொழில் செய்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கோபமாக எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். அங்கே வாசலில் 'மின்னல் வேகம்' என்று போர்டு. சரி, போகட்டும், மகராசன் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல அதே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். "அங்கயும் இதே கழுததான் அண்ணாச்சி. ஆனா அங்க ஃபேன் இல்ல."

பிடித்திருக்கிறதா?

கொஞ்ச நாளில் இன்னொரு கொடுமை சேர்ந்தது. பக்கம் பாதி திறக்கும்போதே குறுக்கே ஒரு பெட்டி விழும்: 'எங்கள் புதிய வடிவம் பிடித்திருக்கிறதா?' கீழே இரண்டே பதில். ஒன்று, பிடித்திருக்கிறது. மற்றது, மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான் பெட்டி போகும். தொழிற்சங்கத்தில் இருந்த செல்வம் அதை ரொம்ப நேரம் பார்த்தார்: "எங்க மேனேஜ்மெண்ட்டே 'இல்லை'ன்னு ஒரு கட்டம் வைக்கும்ங்க."

பின்னால் நின்றவர்

ஒரு மத்தியானம் மாதேஷ் யூனிஃபார்மோடு ஓடி வந்தான். "அண்ணா, வலி எடுத்திருச்சாம். பஸ் பார்டர் தாண்டுதான்னு பாருங்க." வழியில் ஒருத்தன் பஸ் மேல் கல்லடி என்றானாம், இன்னொருத்தன் எல்லையோர ஜூஜூவாடி வரைக்கும்தான் பஸ், அப்புறம் நடை என்றானாம். பஸ் இல்லையென்றால் யாரிடமாவது பைக் வாங்கித் தளி வழியாகச் சுற்ற வேண்டும். அதற்குள் என்ன ஆகுமோ? அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தேன்.

கடையில் இருந்தவர்கள் நல்ல மனுஷர்கள். உதவுகிறோம் என்று ஆறு சிஸ்டத்திலும் அதே பக்கத்தைத் திறந்தார்கள். இருப்பது ஒரே டெலிபோன் லைன். ஆறு பேர் ஒரே வாசலில் முட்டினால் யார் உள்ளே போவது? "மத்தவங்க மூடுங்கய்யா!" என்று கத்தினேன். எல்லோரும் மாதேஷின் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றார்கள். முதலில் நகைக்கடை விளம்பரம் வந்தது. அப்புறம் அந்தப் பெட்டி வந்தது. கண்ணில் தண்ணீரோடு மாதேஷ் 'மிகவும் பிடித்திருக்கிறது' என்பதை அமுக்கினான். மறுபடியும் நீலப் பட்டை ஊர்ந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனுடைய மெயில் பார்க்க அத்திப்பள்ளியிலிருந்து வருகிற நாகராஜப்பா. எல்லைக்கு அந்தப் பக்கத்து மனுஷர். எப்போது வந்தாரோ, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்: "ஏன் ஸ்வாமி, அத்திப்பள்ளியில ஏறினதுல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், இங்கயும் நிக்கணுமா?"

வந்து சேர்ந்தது

அதைக் கேட்டதுமே மாதேஷ் சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டான். அவன் போன பிறகு பக்கம் சாவகாசமாகத் திறந்தது. 'எல்லையில் பஸ்கள் நிறுத்தம், பயணிகள் அவதி' என்றிருந்தது. முந்தின நாள் செய்தி. பழசைத்தான் இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அடுத்த வாரம் மாதேஷ் ஸ்வீட் பெட்டியோடு வந்தான். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மனைவியைப் பிரசவ அறைக்குக் கூட்டிப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போனானாம். நாகராஜப்பாவுக்கு என்று தனியாக ஒரு பெட்டி கொடுத்தான். கிளம்பும்போது ஓரத்துத் திரையை எட்டிப் பார்த்தான், நீலப் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. "ஏண்ணா, எம் பொண்ணே வந்து சேர்ந்துட்டா, இது இன்னும் வரலையா?"

அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் சட்டென்று திறந்திருந்தால் மாதேஷ் அந்தப் பழைய செய்தியை நம்பித் தளி வழியாகச் சுற்றிப் போய், பிரசவ நேரத்தைத் தவறவிட்டிருப்பான் என்பதால், அந்த வெப்சைட்டை வாயாரத் திட்ட எனக்கு இன்றுவரை கொடுத்து வைக்கவில்லை.