திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்ற உறுதியோடுதான் இதைத் தொடங்குகிறேன். எங்கள் கல்லூரியில் திரைப்பட வரலாறு நடத்திய தேவசகாயம் அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பசுமலைக் குன்று அரை அடி கீழே இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன்.

அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், சண்டைக் காட்சிதான் அவருடைய வேதம். படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். "கத்தி ஒரு ஷாட், கழுத்து ஒரு ஷாட். சேத்து வெட்டுறது நம்ம மனசு" என்பார். ஒரு வகுப்பு முடிவதற்குள் நாற்பது தலை உருளும். வருகைப்பதிவில் மட்டும் ஆள் குறையாது.

தியேட்டரில் அவர் படம் பார்த்ததே இல்லை. முதல் வரிசைக்கும் முன்னால் நாற்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடி விழும்போது எவன் பல்லைக் கடிக்கிறான், எவன் கை முறுக்குகிறான் என்று குறிப்பெடுப்பார். தமிழ்த்துறைக்காரனான நான் துணைக்குப் போவேன். ஏன் இப்படி என்று கேட்டால், "படம் அங்கிட்டு ஓடல மாப்ள. இவங்ய மூஞ்சியிலதான் ஓடுது" என்பார்.

ஒரு பொங்கல் ரிலீஸ், காலைக் காட்சி. எதிர் நடிகரின் ஆட்கள் ஊளையிட, இரண்டு ரசிகர் மன்றங்களும் மோதிக்கொண்டன. நாற்காலிகள் பறந்து வண்டியூர்த் தெப்பக்குளத்தில் விழுந்தன. ஒருவனுடைய கடைவாய்ப் பல் அழகர்கோவில் வரை போனது. வைகை நிறைய ரத்தம் ஓடியது. தண்ணீர் இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. அண்ணன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் வரிசையில் நான், மடையன், அப்போதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எந்த மன்றம் என்றுகூடக் கேட்காமல் பின்னாலிருந்து ஒருவன் அரிவாளை ஓங்கியிருக்கிறான். அதைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தவர் அந்த அரங்கில் ஒருவர்தான். நான்கு வரிசைகளை ஒரே தாவலில் தாண்டி, முப்பது பேரை இடது கையால் ஒதுக்கி, வலது கையை என் கழுத்துக்கும் அரிவாளுக்கும் நடுவில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு சொன்னார்: "ரெண்டும் ஒரே ஷாட்டுல வந்துருச்சு மாப்ள. இம்புட்டு நாளாத் தப்பா நடத்திட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டுனவன் மூஞ்சியப் பாத்தேன். அவன் அழுதுக்கிட்டு இருந்தான்" என்றார். அதன் பிறகு அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகினார்.

அன்று அவர் குறிப்பெடுத்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசி வரி பாதியில் நிற்கிறது: "ஐந்தாம் வரிசை ஆள் திரையைப் பார்க்கவில்லை. அவன் பார்ப்பது".

நாற்காலி, பல், முப்பது பேர் எல்லாம் என் கைச்சரக்கு. அவர் தாவவும் இல்லை. முழங்காலை இடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தார். வந்தார் என்பது மட்டும் உண்மை.