கழுத்தும் காலும்

ஞாயிற்றுக்கிழமை யூட் அண்ணையின் கழுத்தையும் காலையும் முறிக்கப் போகிறார்களாம். ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் கார்த்திகனின் காதில் தொங்குரயிலில் விழுந்ததாம். அவர் தமிழ்க் கடைக்காரரிடம் சொல்ல, கடைக்காரர் வெண்டைக்காய் நிறுத்தபடியே பிறேமா அக்காவிடம் சொல்ல, வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகைக்கு வந்த அக்கா என்னிடம் சொன்னார். மூன்று வாய் கடந்து வந்த செய்தி. ஆனாலும் அக்காவை விடாமல் கேட்டேன்.

“யார் பேசிக்கிட்டாங்களாம்க்கா?”

“ரெண்டு வெள்ளையளாம், பந்தடிக்கிற உடுப்புப் பையோட. போன மாசம் இவர் சிவப்பு மட்டை காட்டினவரெல்லே, அந்தக் கழகத்து ஆக்களாத்தான் இருக்கும். இந்த ஞாயிறும் இவருக்கு அந்தப் பாழ்படுவாரிட்டத்தான் ஆட்டம்.”

யூட் அண்ணைக்கு ஐம்பத்து நான்கு வயது. அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, இருபதாவது வயதில் தொங்குரயில் ஓடும் இந்த ஜெர்மன் நகரமான வுப்பர்டாலுக்கு வந்தவர். வார நாட்களில் வீடு வீடாகப் போய்ச் சலவை இயந்திரம் திருத்துவார். சனிக்கிழமைகளில் பார்மன் பகுதித் திருச்சபை மண்டபத்தில் எங்கள் இசைநாடகக் குழுவோடு பாடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். பதினேழு வருடமாக நடுவர்.

அவர் ஊதுவது ஆகக் கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு. ஆடுபவர்கள் கூரை வேய்பவர்கள், ரொட்டிக்கடைக்காரர்கள், முந்தின நாள் குடித்தது இன்னும் இறங்காதவர்கள். கோட்டு நடுவர் என்று யாரும் கிடையாது. இருபத்திரண்டு பேருக்கு நடுவே ஒரு மனிதர், ஒரு விசில். ஆட்டம் முடிந்ததும் அவர் தனியாக உடைமாற்றும் அறைக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து தனியாகக் காருக்கு. அந்த நடைதான் அக்காவுக்குப் பயம்.

போன மாதம் அந்தச் சிவப்பு மட்டை ஆட்டம் முடிந்து, கார்க் கதவைச் சாத்த விடாமல் ஒருவன் குறுக்கே கால் வைத்திருக்கிறான். அண்ணை அதையும் பகிடியாகத்தான் சொன்னார்.

“‘திரும்பவும் இஞ்ச வருவாய்தானே’ எண்டான். ‘ஓம், நல்லாட்டம் ஆடினா வருவன்’ எண்டிட்டு வந்திட்டன்.”

அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் இருவருக்கும் திரைக்குப் பின்னால் வாக்குவாதம்.

“நடுவர்மாரைப் போடுற மனுசனுக்கு எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஏலாது எண்டு.”

“என்னப்பா ஏலாது? காலோ?”

“இப்ப கால் ஏலும். திங்கட்கிழமைதான் ஏலாது.”

அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “ஒருக்காப் பயந்து விட்டிட்டன் எண்டா, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டுதான் போகவேணும் பிறேமா” என்றார் அவர். அக்கா விடவில்லை. கடைசியில் அண்ணை இறங்கி வந்தார். நாளை நாடகம் முடிந்ததும் எழுதுவதாக ஒப்புக்கொண்டார்.

நாடகம் நாங்களே எழுதியது. நாடா நெய்யும் ஆலை ஒன்றில் நடக்கும் வேலைநிறுத்தக் கதை. அண்ணைக்கு ஆலைக் காவலாளி வேடம். சாவிக் கொத்தும் ஒரு தனிப்பாட்டும். சனிக்கிழமை முதல் காட்சி, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இரண்டாவது.

நாடகக்காரர்களின் சாத்திரம் நம் ஊர்ச் சாத்திரத்துக்குக் குறைந்ததல்ல. மேடையில் விசில் அடிக்கக்கூடாது. ஒருவர் இன்னொருவரின் இடது தோளுக்கு மேல் ‘தோய், தோய், தோய்’ என்று மூன்று தரம் துப்புவதுபோல் செய்வார். திருஷ்டி கழிக்கிற மாதிரியேதான். அதற்கு நன்றி சொல்லிவிடக்கூடாது. சொன்னால் காட்சி கெட்டுவிடுமாம். நன்றி சொல்லாமல் இருக்க அண்ணையால் முடியாது. ‘நன்றி’ என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, “இவையளுக்கு விளங்காது, ஆனபடியால் பலிக்காது” என்று எனக்குக் கண்ணடித்தார்.

சனிக்கிழமை திரை விலக ஐந்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் ஜெசிக்கா எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார். உரக்கச் சொன்னார்: “ஹால்ஸ் உண்ட் பைன்புருஹ்!”

கழுத்தும் காலும் முறியட்டும். ஜெர்மன் வகுப்பில் முதல் வருடமே படித்த வாழ்த்து; தமிழில் வந்ததால் இதுவரை உறைக்கவில்லை. மேடையேறுகிறவருக்கு நல்லது நினைத்துச் சொல்வது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நுழைவுச்சீட்டு மேசையில் அக்கா.

“அக்கா, அது மிரட்டலே இல்ல! ஆல் தி பெஸ்ட் சொல்றதுக்குப் பதிலா இவங்க இப்படித்தான் சொல்வாங்க. நம்ம குரூப் ஆளுங்க யாராவது டிரெய்ன்ல ஞாயிற்றுக்கிழமை ஷோவப் பத்திப் பேசியிருப்பாங்க. கார்த்திகன் பாதி புரிஞ்சுக்கிட்டு வந்து கடையில சொல்லிட்டாரு.”

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். “மெய்யே?”

“சத்தியமாக்கா.”

“அந்த விசரன் வாழ்த்தைக் கேட்டிட்டே எங்களை வெருட்டினவன்? நேற்றிலையிருந்து ஒரு வாய் சோறு இறங்கேல்லைத் தங்கச்சி.” மேசையில் தலை கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தார்.

பந்தாட்டப் பை மட்டும் எனக்குள் உறுத்தியது. எங்கள் குழுவிலும்தான் எல்லோரும் பை தூக்குகிறார்கள் என்று அதை அமுக்கிவிட்டேன். நான் கண்டுபிடித்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாடகம் முடிந்ததும் அண்ணை சொன்ன வாக்குப்படி தொலைபேசியை எடுத்தார். அக்காவே தடுத்தார். “எழுத வேண்டாமப்பா. போய் ஊதிப்போட்டு வாங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒரு மணிக்கு. மூன்று மணிக்கு முன் முடிந்துவிடும். நாலரைக்கு மண்டபத்தில் நிற்பேன் என்று சொல்லிப் போனார்.

நாலேமுக்காலுக்கும் அண்ணை வரவில்லை; நாடகம் பார்க்கக் கார்த்திகன்தான் வந்தார். நாற்பது வயதுக்காரர். ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம், பீட்சாக் கடையில் சமையல். அன்று விடுமுறை. அவரைப் பிடித்து நிறுத்தி, அவர் கேட்ட வாழ்த்தின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கழுத்தோ? நான் கழுத்தெண்டு சொல்லேல்லையே. அவங்கள் கால் எண்டு மட்டும்தான் கதைச்சவங்கள்.”

“கடைக்காரர் கழுத்தும் காலும்னு...”

“அந்த மனுசன் கறிமிளகாயைத்தான் குறைச்சு நிறுப்பார். கதையைக் கூட்டித்தான் நிறுப்பார்.”

“சரியா என்னதாங்க கேட்டீங்க?”

“‘சிறீ, சிறீ’ எண்டு சொல்லிச் சொல்லிக் கதைச்சவங்கள். ஆரோ எங்கட ஆள், சிறீ எண்டு பேர் எண்டுதான் நினைச்சன். கடையில போய் ‘இஞ்ச பந்தடிக்கிற சிறீ ஆர்’ எண்டு கேட்டன். ‘உது பேரில்லையடாப்பா, நடுவரை இவங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறவங்கள். அப்ப எங்கட யூட் அண்ணையாத்தான் இருக்கும்’ எண்டு அவர்தான் சொன்னவர்.”

ஷிரி. ஆடுகளத்தில் நடுவரை எல்லோரும் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள். எந்த நாடகக்காரரும் வாழ்த்தில் அந்தச் சொல்லைச் சேர்க்கமாட்டார்.

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“‘இந்தமுறை கார் வரைக்கும் போகமாட்டான்’ எண்ட மாதிரி ஒண்டு. எனக்கு முழுக்க விளங்கேல்லை.”

பின்னால் அக்கா நின்றிருந்தார், கையில் நுழைவுச்சீட்டுச் சுருளோடு. எப்போதிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். “எழுத விட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, அதுவும் தெரியவில்லை.

ஐந்து பத்து. ஜெசிக்கா வந்து, காவலாளி எங்கே, முகப்பூச்சு இன்னும் போடவில்லையே என்று கேட்டார். வழியில் நெரிசலாக இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் ஏது நெரிசல்?

அக்கா அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்களும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். மணி போனது.

“மணி போகுது” என்றார் கார்த்திகன், அது ஒரு நல்ல செய்தி என்பது போல.

“ஆட்டத்துக்கு இறங்க முந்தி போனை நிப்பாட்டிப்போடுவார்” என்றார் அக்கா. “முடிஞ்சு, உடுப்பு மாத்திற அறைக்குப் போய்த்தான் திருப்பிப் போடுறவர்.”

அப்படியென்றால் அறைவரை நடந்திருக்கிறார். அதற்கப்புறம் காருக்கு நடந்திருக்க வேண்டும். மணி போய்ப் போய்த் தானே அறுந்தது. அக்கா மறுபடி அழுத்தினார்.

மண்டபத்துக்குள் பியானோவைச் சுருதி பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தொலைபேசியை மற்றக் காதோடு இறுக்கி, வெளியே வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். மணி போய்க்கொண்டிருந்தது.