நாலு சுற்று ஓடி நிற்கும் டிராக்டர்

போன வாரம் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். தங்கை வீட்டு டிராக்டருக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய் சொல்கிறவள் இதைவிட நல்ல காரணமாகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார்களோ என்னவோ... லீவு கிடைத்துவிட்டது.

தங்கை கவிதாவைக் கட்டிக்கொடுத்திருப்பது ராசிபுரம் பக்கம். அவள் கணவர் போர் போடும் ரிக் லாரியில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். இங்கே இருக்கிற பூமி முழுக்க கவிதா பொறுப்பு. வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து, மழை ஈரம் காய்ந்துபோய், ஒரு போகம் வீணான எரிச்சலில், போன வருஷம் பிடிவாதமாக ஒரு சின்ன டீசல் டிராக்டர் வாங்கினாள். ஓட்டுவதும் அவளேதான்.

அவள் மாமனாருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அவர் அதை டிராக்டர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பொம்மை வண்டி" என்பார். அதுவும் வாசலில் நின்று, அடுத்த தோட்டத்துக்காரருக்குக் கேட்கிற மாதிரி.

அந்தப் பொம்மை வண்டிக்குத்தான் ஒரு மாதமாக வினோதமான வியாதி. உழ ஆரம்பித்தால் நாலு சுற்று அருமையாக ஓடும். அப்புறம் விக்கும். புகைபோக்கியில் குபுக் குபுக்கென்று புகை வரும். நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மறுபடியும் நாலு சுற்று!

முந்தின நாள் நல்ல மழை. காட்டில் (அந்தப் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்பார்கள்) ஈரம் கச்சிதமாக இருந்தது. கடலை விதைக்கு மறுநாள் காலை ஆட்கள் வருவதாகப் பேச்சு. உழவு பாதியில் நிற்கிறது. இதற்கு நடுவில் மாமனார் இன்னொரு குண்டு போட்டிருந்தார் — சாயங்காலம் வண்டியை விலை பேச ஆள் வருகிறதாம். இன்றைக்கும் நின்றால் விற்றுவிட வேண்டியதுதான், மேற்கொண்டு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கவிதா பக்கம் பேச ஓர் ஆள் வேண்டுமே. நான் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

முதல் வைத்தியம் போனில் நடந்தது. கணவர் வீடியோ காலில் வந்து, புகை என்ன நிறம் என்று கேட்டார். நல்ல கேள்விதான். கறுப்பு என்றால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. இவ்வளவு தெளிவாக அவர் சொல்லிக்கொடுத்த பிறகு கவிதா வெள்ளை என்றாள். மாமனார் கன்னங்கரேல் என்றார். எனக்கு அது பழைய அலுமினியக் குண்டாவின் நிறமாகத் தெரிந்தது. ஒரு சேலை எடுக்கப் போனாலே நிறத்தில் ஒத்துப்போகாத குடும்பம் இது. புகையில் எங்கே ஒத்துப்போவது?

கடைசியில் டீசல் ஃபில்டரை மாற்றச் சொன்னார். மாற்றினாள். டேங்க்கைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. ஸ்டார்ட் செய்தாள். அடடா, என்ன ஓட்டம்! போனில் கணவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நாலு சுற்று... நின்றது. போனை அவரே கட் செய்துவிட்டார்.

அடுத்து மெக்கானிக் செல்வம் வந்தார். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது என்றார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அமுக்கி அமுக்கி, குமிழி எல்லாம் போய் வெறும் டீசல் வரும்வரை ஏர் எடுத்தார். டேங்க்கைத் திறந்து ஒரு குச்சி விட்டு ஆழம் பார்த்தார். மூடினார். வண்டி கிளம்பியது. செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டார். டீ வருவதற்குள் நின்றுவிட்டது. அந்த டீயை அவர் தலை குனிந்தே குடித்தார்.

"மாட்டுக்குப் பில்டரும் இல்ல, ஸ்க்ரூவும் இல்ல" என்றார் மாமனார், வேப்பமரத்து நிழலிலிருந்து.

கவிதா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும் — குழம்புக் கரண்டிக்கு ஓர் ஆணி, ரசக் கரண்டிக்கு ஓர் ஆணி என்று வைத்திருப்பவள் நான். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் என்னென்ன செய்தாய், ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல் என்றேன்.

அவள் அலுத்துக்கொண்டே சொன்னாள். ஒரு தடவை ஃபில்டர். ஒரு தடவை ஏர். ஒரு தடவை சும்மா திட்டிவிட்டு ஸ்டார்ட். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, எல்லாத் தடவையும் டேங்க் மூடியத் தொறந்து டீசல் பாத்தமே!"

செல்வம் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வண்டியருகே போய் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மூடியைத் திருகினார். புஸ்ஸ்ஸ்... உள்ளே காற்று இழுக்கிற சத்தம்.

விஷயம் இவ்வளவுதான். டேங்க்கிலிருந்து டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் பொடி ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அது அடைபட்டால் டீசல் வராது, வண்டி விக்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், வண்டி ஓடும். நாங்கள் பார்த்த எல்லா வைத்தியமும் பலித்தது இதனால்தான்.

மூடியைப் பார்த்தோம். நட்டநடுவில் அழகான ஒரு பள்ளம். அதில் வழித்து வைத்த மாதிரி சந்தனம், அதன் மேல் குங்குமம். கவிதா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். காய்ந்த சந்தனம் அடுக்கடுக்காக உதிர்ந்தது. அடியில் ஓட்டை.

காலையிலிருந்து அந்தப் பொட்டை எல்லோரும்தான் பார்த்தோம். ஆனால் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கும் பீரோவுக்கும் கூடப் பொட்டு வைக்கிற வீட்டில் அது யார் கண்ணில் படும்? ஆயுத பூஜைக்கு வைத்தது அப்படியே இருக்கிறது போல என்றாள் கவிதா. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அடியில்தான் காய்ந்திருந்தது. மேல் சந்தனம் ஈரம். அன்றைக்கு வைத்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தோம். மாமனார் நெற்றியில் அதே சந்தனம். அவர் தென்னை மரத்தில் காய்களை எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழமைன்னா ஊட்டுல எல்லாத்துக்கும் வெக்கறதுதானுங்க அம்மிணி" என்றார் என்னிடம்.

"பொம்மை வண்டிக்குமா மாமா?" என்று கேட்டாள் கவிதா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ ஒத்தையில ஏறி ஓட்டறே சாமி. மாடுன்னா நெத்தியில வெக்கலாம். இதுக்கு நெத்தி எதுன்னு ஆரு கண்டா? சோறு போற எடமாப் பாத்து வெச்சேன்."

கவிதா சிரித்தாளா அழுதாளா என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நாலு சுற்று. ஐந்து. ஆறு... செல்வம் இன்னொரு டீ கேட்டு வாங்கி, இந்த முறை தலை நிமிர்ந்து குடித்தார். இருட்டுவதற்கு முன்பே முழுக் காடும் உழுதாகிவிட்டது.

சாயங்காலம் வண்டி பார்க்க ஆள் வந்தார். மாமனாரே எழுந்துபோய் வரவேற்றார். "இது எம்மருமவ ஓட்டற வண்டிங்க. குடுக்கறதில்லீங்க" என்றார். வரச்சொன்னதே நீங்கள்தானே என்று வந்தவர் குழம்ப, அவருக்கும் டீ.

வீடு திரும்பியதும் என் கண்ணில் முதலில் பட்டது டிவி ரிமோட். வாங்கின அன்றைக்கே அழுக்குப் படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தவள் நான்தான். மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை சேனல் மாறும். கவரைப் பிரித்து எறிந்தேன். ஒரே அமுக்கில் மாறுகிறது. நம் வீடுகளில் பொருட்கள் கவனிக்காமல் கெடுவதைவிட, செல்லத்தில் திணறுவதுதான் அதிகம் போலிருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. கவிதா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள். கடலை விதைத்த காடு, ஓரத்தில் வண்டி. டேங்க் மூடி பளிச்சென்று துடைத்திருக்கிறது. மாமனார் இந்த வாரம் பொட்டை முன்பக்கத்து இரண்டு ஹெட்லைட்டுக்கும் மாற்றிவிட்டார் — தோசை அளவுக்கு.

இனி வெளிச்சம் குறைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை!