பாலத்தின் இந்தக் கரையில் யோகண்ணை

யோகண்ணை போய்விட்ட செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. நம் உதைபந்தாட்டக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரத்தைப் போடுகிறவர் அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாதங்களிலும் அதைப் போடத் தவறவில்லை. அன்று காலை வேலைத்தலத்தில் தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. வெளியே மழை. பயிற்சி இல்லை என்று போட்டிருப்பார் என நினைத்துத் திறந்தேன். "இவர் இண்டைக்கு விடிய எங்களை விட்டிட்டுப் போட்டார். மலர்" என்று இருந்தது. கையில் இருந்த தேநீரை என்ன செய்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீரும் எழுதும் என்று அவர் மனைவி மலரக்கா கேட்டார். அவரைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது நீங்கள் பிழையாக அறிந்து வைத்திருக்கும் ஒரு கதை. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த நீலக் கோப்பு. ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் எங்கள் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் அணி நயாகராப் பாலத்தைக் கடந்து அமெரிக்கப் பக்கம் போகும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் இரண்டு நாள் ஆடுகிற போட்டி, எப்போதும் அந்தக் கரையில்தான். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பிரதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், யாருக்கு மூச்சு இழுப்பு, யாருக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். பயிற்சி நடக்கும் மில்லிக்கன் மைதான ஓரத்தில் மடக்குக் கதிரையைப் போட்டு, ஒவ்வொருவரையும் தன் முன்னால் வைத்துத்தான் கையெழுத்து வாங்குவார். வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?" இருபது வருடம் பழகியவர்களையும் விடமாட்டார். என் மகள் அணியில் ஆடிய காலத்தில் என்னிடமே கேட்டார். நேற்று வரை தகப்பன், இன்று விடிய என்ன மாதிரியோ தெரியாது அண்ணை என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனையைப் பிடித்தபடி நான் ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார்.

இத்தனை பேரைக் கடக்க வைத்த மனிதர் தான் மட்டும் கடக்கமாட்டார். நயாகராவில் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வாடகை வானை நிறுத்தச் சொல்லி, சாப்பாட்டுப் பையோடு இறங்கிவிடுவார். இஞ்சை ஒரு ஆள் நிக்கவேணும் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அண்ணைக்கு அமெரிக்கத் தண்ணி ஒத்துக்கொள்ளாது என்று வான் முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறேன். நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ மலரக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, மேன்முறையீடும் சரிவராமல், மனிதாபிமான அடிப்படையில் போட்ட விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அந்தப் பாலத்தில் கால் வைத்தால் திரும்பி வரமுடியுமோ என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பகிடியை நான் சொல்லவில்லை.

கரையில் நின்றாலும் ஆட்டத்தை அவர் விடமாட்டார். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாங்கு, அதுதான் அவருடைய இருக்கை. நான் மைதானத்திலிருந்து போனில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டத்துக்கு முன் இரண்டு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கும்போது போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்வார். ஒரு வருடம் வயிற்றுக்குத்து என்று அவரோடு கரையில் தங்கிவிட்ட ஒரு பிள்ளை பிறகு சொன்னாள், கனடாக் கீதம் போனில் கேட்டதும் அங்கிள் வாங்கிலிருந்து எழும்பி நேராக நின்றாராம், சுற்றுலாக்காரர்கள் விலகிப் போனார்களாம். அப்போது இந்த நாடு அவரைத் தன் ஆள் என்று சொல்லியிருக்கவில்லை. எத்தனை கோல் என்று அவர் கேட்டதே கிடையாது. நான் கோல் கணக்கைச் சொல்லத் தொடங்கினால் மறித்துவிடுவார்.

"அதைப் பிறகு பாக்கலாம். இப்ப பந்து ஆரிட்ட நிக்குது?"

மூன்று வருடங்களுக்கு முன் குடியுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணத்துக்குப் போய்வந்த கையோடு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார். அது வந்த அன்று பயிற்சிக்குக் கொண்டு வந்து பிள்ளைகளிடம் காட்டினார். அன்று மட்டும் பயிற்சி அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. அடுத்த ஆகஸ்ட்டில் வரப்போகிறார் என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷப் புழுகம். நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன், இந்த முறை நீங்கள் விருந்தாளி, அந்த நீலக் கோப்பை என்னிடம் தாருங்கள் என்று. தயங்கித்தான் தந்தார். கேக்க வேண்டியதைக் கேள் என்று இரண்டு தரம் சொன்னார்.

நான் கேட்கவில்லை. எல்லோரையும் எனக்குத் தெரியும் என்ற எண்ணம். எங்கள் கோல் காப்பாளர் துளசியைப் பயிற்சிக்குக் கூட்டிவருகிறவர் மூன்று வருடமாகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறவர். அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். கடிதத்தில் தகப்பன் என்ற இடத்தை விரலால் காட்டி, இதில போடுங்கோ என்றேன். அவரும் போட்டார். அவரிலும் பிழையில்லை, மூன்று வயதிலிருந்து வளர்த்தவர் வேறு என்ன நினைப்பார்.

பாலத்தைத் தாண்டி, அமெரிக்கக் குடிவரவு அலுவலகத்தில் எங்களை உள்ளே வரச் சொன்னார்கள். யோகண்ணை வெள்ளைச் சேட்டுப் பையில் புதுப் பாஸ்போர்ட்டோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அதிகாரி ஒரு பெண், மரியாதையாகத்தான் கதைத்தார். கையெழுத்துப் போட்டவர் உன் தகப்பனா என்று துளசியிடம் கேட்டார். துளசி பொய் சொல்லி வளர்ந்த பிள்ளை அல்ல. அவர் என் பெரியப்பா, நான் அப்பா என்று கூப்பிடுவேன், என் சொந்த அப்பா பாரிஸில் இருக்கிறார் என்றாள். பாதுகாவலர் என்ற சட்டப் பத்திரம் இருக்கிறதா என்றார் அதிகாரி. இருந்தது, மில்லிக்கனில் அவர்கள் வீட்டு அலுமாரிக்குள். முறை என்ன என்று நான் கேட்டிருந்தால் அதன் பிரதி கோப்புக்குள் இருந்திருக்கும். பெரியப்பாவோ லொறியோடு வினிப்பெக் போகும் வழியில். மற்றப் பிள்ளைகள் போகலாம், இவள் திரும்ப வேண்டும் என்றார்கள்.

நான் திரும்புகிறேன் என்று சொல்லத்தான் செய்தேன். ஆனால் வாடகை வான் என் பெயரில், வேறு யாரும் ஓட்டமுடியாது. எங்கள் இளம் பயிற்றுநர் பிள்ளைகளோடு நின்றே ஆகவேண்டும். யோகண்ணை அதற்குள் எழும்பிவிட்டார். அப்போதுதான் பயிற்றுநர் சற்றுச் சூடாக, யார் இந்தக் கடிதங்களைப் பார்த்தது என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் பாத்தனான் பிள்ளை. தவற விட்டிட்டன்," என்றார் யோகண்ணை.

எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற நான் அன்று திறக்கவில்லை. அவர் துளசியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளோடு பாலத்தின் நடைபாதையில் இந்தக் கரைக்குத் திரும்பிப் போனதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை போனில், அமெரிக்கா பாத்திட்டன், கதிரை சரியில்லை என்றார். அந்த வாங்கில் இருவரும் இருந்து ஆட்டம் கேட்டார்கள். மாற்றுக் காப்பாளர் தடுமாறியபோது துளசி போனைப் பறித்து, "அங்கிள், அவளை லைனில நிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, கம் அவுட் எண்டு கத்துங்கோ," என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஒன்றில் சமன், அடுத்ததில் தோல்வி.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கையெழுத்து வாங்கியது நான் என்று தெரிந்தவர்களும் கடைசியாகச் சரிபார்த்தது அவர் என்றே நம்பினார்கள்; கோப்பும் பயணத்துக்குப் பின் அவரிடமே திரும்பியிருந்தது. செயற்குழுவில், யோகருக்கு வயது போய்விட்டது, மறதி வந்துவிட்டது என்று பேசினோம். நீலக் கோப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கத் தீர்மானித்தோம். அந்த வேறு ஒருவர் நான். அவர் அதைத் தன் கையால் என்னிடம் தந்தார், உள்ளே ஒவ்வொரு பிள்ளைக்கும் புது உறை போட்டிருந்தார். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. நண்பர்களே, யோகண்ணைக்கு ஒருநாளும் மறதி வரவில்லை. பிழை என்னுடையது. அதை எழுத இரண்டு வருடமும் ஒரு மரணமும் எனக்குத் தேவைப்பட்டிருக்கின்றன.

அடுத்த வருடம் போட்டிக்கு முன்னரே அவர் ஆஸ்பத்திரியில். பார்க்கப் போனபோது தொடங்கினேன், அண்ணை அந்தக் கடிதம் என்று. கையைக் காட்டி நிறுத்தினார். "ஒருக்கா அந்தப் பக்கம் மைதானக் கோட்டடியில நிண்டு பிள்ளையள் விளையாடுறதைப் பாக்கவேணும் எண்டு ஆசை இருந்ததுதான். அதுக்கு நீ என்ன செய்வாய்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இப்போதும் பாலத்தை நினைத்தால் அந்த வெள்ளைச் சேட்டுத்தான் வருகிறது. அவரை அந்தக் கோட்டடியில் நிறுத்திப் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே நாளை நானே கெடுத்தேன்.

அவர் போய் மூன்றாம் கிழமை இந்த வருடப் போட்டி. வீட்டில் சாவுத் துடக்கு இருக்கிற நேரத்தில் போவதா என்று நான் தயங்க, போகாவிட்டால் அவர் ஏசுவார் என்று மலரக்காதான் அனுப்பினார். இம்முறை எல்லோரிடமும் கேட்டேன், நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை என்று. சிரித்தார்கள். காத்திருந்தேன். அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. எல்லாப் பிள்ளைகளும் பாலம் கடந்தார்கள்.

கீதங்கள் முடிந்து ஆட்டம் தொடங்கியபோது என் கை பழக்கதோஷத்தில் அவர் எண்ணை அழுத்திவிட்டது. அழைப்பை வெட்டுமுன் மலரக்கா எடுத்துவிட்டார். ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாமல், பந்துக்கு எத்தனை மூலை என்று கேட்கிறவர் அக்கா. அக்கா, அந்தக் கடிதப் பிழை நான் விட்டது, அண்ணை விட்டதில்லை என்றேன்.

"முப்பது வருசம் அவரோட இருந்தனான், தம்பி. பேப்பரில அவர் பிழை விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதா? அதை விடும்," என்றார். கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சொல்லும். இப்ப பந்து ஆரிட்ட நிக்குது?"